ஆல்பத்தைக் கேட்டே உங்கள் பாகத்தை எடுப்பது எப்படி

கிறிஸ்தவக் குரலிசைக் குழு ஒன்றின் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, இதில் ஒரு பாட்டை நாமும் நாலு பேராகப் பாடலாமே என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். ஆளுக்கொரு தனிச் சுர வரிசையை, அதாவது ஒரு பாகத்தை, பாட வேண்டிய இடத்தில் நாலு பேரும் மெட்டையே பாடுகிறார்கள். மெட்டு மேலே மிதக்கிறது, காதும் அதைத்தான் பிடிக்கிறது. நடுவில் ஆல்டோவும் (பெண்களின் தாழ்ந்த குரல்) டெனரும் (ஆண்களின் உயர்ந்த குரல்) ஓடுவது தெரியும், ஆனால் பாடிக்காட்டச் சொன்னால் வராது. நோட்ஸ், அதாவது சுரங்கள் எழுதிய தாள், கையில் இல்லாமலேயே அவற்றை எடுத்துவிடலாம், பொறுமை மட்டும் வேண்டும்.

முதலில், உங்களிடம் இருக்கும் குரல்களுக்குப் பொருந்தும் குழுவைத் தேர்ந்தெடுங்கள். நாலு பெண்கள் என்றால் பாயின்ட் ஆஃப் கிரேஸ் 1993இல் வெளியிட்ட முதல் ஆல்பம். நாலு ஆண்கள் என்றால் ஃபோர்ஹிம். இரண்டு ஆண், இரண்டு பெண் என்றால் அவலான். அவர்களின் முதல் ஆல்பம் 1996இல் வந்தது. ஆனால் இப்படிக் கலந்த குழுவில் முன்குரல், அதாவது மெட்டைப் பாடும் குரல், ஆணிடமிருந்து பெண்ணுக்கு மாறும்போது மற்றவர்களின் பாகங்களும் இடம் மாறிவிடும், அதைக் கவனியுங்கள். டேக் 6 குழுவின் 1988 ஆல்பம் எனக்கு உயிர், ஆறு ஆண்கள் வெறும் குரலிலேயே எழுப்பிய மாளிகை அது, ஆனால் அந்த ஜாஸ் கார்டுகளில் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டங்களில்) சுரங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். தினமும் கேளுங்கள், எடுத்துப் பாடுவதை மட்டும் கடைசிக்கு வையுங்கள்.

முழுப் பாட்டையும் எடுக்க உட்காராதீர்கள். சரணத்தில் பெரும்பாலும் ஒருவர்தான் பாடுவார், வேலை பல்லவியில்தான். அதில் ஒரு வரியை மட்டும் லூப்பில் போட்டு, சுருதி மாறாமல் வேகத்தை 75 சதவீதத்துக்குக் குறைத்துக் கேளுங்கள். ஹெட்போனில் ஒரு காதை மட்டும் வைத்துக் கேட்டுவிட்டு மறு காதுக்கு மாறிப் பாருங்கள். பல ஆல்பங்களில் பின்குரல்களை இடமும் வலமுமாகப் பிரித்து வைத்திருப்பார்கள், அதனால் மறைந்திருந்த ஒரு குரல் சட்டென்று தனியாகக் கேட்கும்.

சரி, நடுக்குரலை எப்படிப் பிடிப்பது? வரியின் முடிவுக்குப் போங்கள். அங்கே மெட்டு ஒரே சுரத்தில் நீண்டு நிற்கும். அந்த நேரத்தில் உள்ளே ஏதோ ஒன்று மட்டும் ஒரு படி இறங்கும், அல்லது ஏறும். அதுதான் நீங்கள் தேடுகிற பாகம். அந்தச் சுரத்தை முனகிப் பிடித்துக்கொண்டு, வரியின் ஆரம்பத்தை நோக்கி ஒவ்வொரு சொல்லாகப் பின்னால் வாருங்கள். நடுப்பாகம் பெரும்பாலும் இரண்டு மூன்று சுரங்களுக்குள்ளேயே சுற்றும், அதனால் கிடைத்தது கொஞ்சம் சலிப்பாக இருந்தால் அனேகமாகச் சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். பாட்டோடு சேர்த்துப் பாடிப் பாருங்கள்: உங்கள் குரல் உள்ளே கரைந்து காணாமல் போனால் அது சரி, துருத்திக்கொண்டு நின்றால் மறுபடியும் தேட வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு பல்லவியோடு மூன்று வாரம் போராடினோம், கடைசியில் பார்த்தால் ஆல்டோ பாடியது டெனரின் பாகம், ஒரு ஸ்தாயி மேலே. இதைத் தவிர்க்க எப்போதும் மெட்டை முதலில் எடுங்கள், அடுத்து ஆகக் கீழே இருக்கும் குரல், அதற்குப் பிறகுதான் நடு.

இன்னொன்று, நாலு பேர் குழுவில் ஐந்து சுரம் கேட்டால் பயப்பட வேண்டாம். ஸ்டூடியோவில் ஒருவரே தன் பாகத்தை இரண்டு மூன்று முறை பாடி அடுக்குவார், சில சமயம் வேறொரு பாகத்தையும் கூடுதலாகப் பாடி வைப்பார். மெட்டையே ஸ்தாயி மாற்றிப் பாடும் குரலை விட்டுவிடலாம், ஒன்றும் குறையாது. கடைசிப் பல்லவி அரைச் சுரமோ ஒரு சுரமோ மேலே போகிற பாட்டு என்றால், அந்த உயரத்தில் உங்கள் சோப்ரானோவுக்கு (பெண்களின் உயர்ந்த குரலுக்கு) எட்டுகிறதா என்று முதலிலேயே பார்த்து மொத்தப் பாட்டையும் கீழே இறக்கிவிடுங்கள்.

பாகம் கிடைத்ததும் அவரவர் பாகத்தை 'லூ' என்று மட்டும் பாடி போனில் பதிவு செய்து மற்றவர்களுக்கு அனுப்புங்கள். வார்த்தை அப்புறம். 'கிரேஸ்' என்று நீட்டும்போது எல்லாரும் 'ஏ'யிலேயே நிற்க வேண்டும், கடைசி 'ஸ்' ஒருவர் சொன்னால் போதும், நாலு பேரும் சொன்னால் சீறல்தான் கேட்கும்.

பிறகு ஆல்பத்தை நிறுத்திவிட்டு, கீபோர்டில் ஒரு சுரம் மட்டும் வாங்கி முழுப் பல்லவியையும் பாடி, முடிவில் அதே சுரத்தைத் தட்டிப் பாருங்கள். சுருதி இறங்கியிருந்தால், ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடுகிறவரிடம்தான் முதலில் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அந்தச் சுரத்தை ஓர் இழை மேலே நினைத்துப் பாடச் சொல்லுங்கள்.