சாயல்குடி முதல் இராமேசுவரம் வரை: கைவினைப் பொருள் தேடி வண்டியில் போவது எப்படி?

இராமநாதபுரம் கடற்கரையில் கைவினைப் பொருள் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நேராக இராமேசுவரம் கோயில் கடைத்தெருவுக்குப் போய், சிப்பித் தோரணம் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தோரணம் கன்னியாகுமரியிலும் கிடைக்கும். அதற்கு இவ்வளவு தூரம் வண்டி ஓட்ட வேண்டியதில்லை. இந்தக் கரையில் நல்ல வேலைப்பாடு கடைகளில் குறைவு, திண்ணைகளில் அதிகம். அதைத் தேடிப் பிடிக்கும் வழியை மட்டும் எழுதுகிறேன். தங்குமிடம், பெட்ரோல் கணக்கெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

படி 1: மாதம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் பெட்டி முடையும் பனை ஓலை காயாது. தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் இராமேசுவரம் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். என்னைக் கேட்டால் ஏப்ரல் கடைசி வாரம். வெயில் மண்டையைப் பிளக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன் கரையில் மரப்படகுக்குப் பலகை மாற்றுவதையும் கிழிந்த வலையைச் சீர்செய்வதையும் பகலெல்லாம் உட்கார்ந்து பார்க்கலாம். பதனீர் இறக்கும் பருவமும் அதுவே என்பதால் பனங்காட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும்.

படி 2: எந்தப் பக்கமிருந்து நுழைவது

தூத்துக்குடிப் பக்கமிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுங்கள். சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை, இராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், கடைசியில் இராமேசுவரம். காரணம் எளிது. ஓலைப்பெட்டி முடைவதற்கு நாள் பிடிக்கும். போகும்போது சொல்லிவைத்துவிட்டுப் போனால், அதே சாலையில் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். மதுரை வழியாகத்தான் வருவேன் என்பவர்களுக்கு வேறு ஆதாயம் உண்டு: மானாமதுரையில் மண்பாண்டமும் கடமும், பரமக்குடியை ஒட்டிய எமனேசுவரத்தில் கைத்தறியும் பார்க்கலாம். பழைய பித்தளை, மரத்தூண், பீங்கான் மட்டுமே குறி என்றால் கடற்கரையை மறந்துவிட்டுக் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவுக்குப் போங்கள்.

படி 3: முடைந்தவரைக் கண்டுபிடிப்பது

சாயல்குடி சுற்றுவட்டாரம் பனைக்குப் பெயர்போனது. ஊருக்குள் போய் "கைவினைப் பொருள் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். கருப்பட்டி விற்கும் கடைக்குப் போங்கள். கருப்பட்டி வைத்திருக்கும் ஓலைப்பெட்டியைக் காட்டி, "அண்ணாச்சி, இதை முடைந்தது யார்?" என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் வாங்குவதே அந்த வீட்டில்தான். கொஞ்சம் கருப்பட்டி வாங்கிக்கொண்டு கேட்பது மரியாதை.

வீட்டுக்குப் போனதும் விலையில் ஆரம்பிக்காதீர்கள். அளவைச் சென்டிமீட்டரில் சொன்னாலும் வேலைக்காகாது. சாண், விரற்கடை, இதுதான் அங்கே கணக்கு. நான் கையோடு ஒரு எவர்சில்வர் சம்படம் கொண்டுபோய், "அக்கா, இது உள்ளே அடங்குகிற மாதிரி மூடியோடு ஒன்று வேண்டும்" என்று கேட்பேன். அவர் அளவு நாடாவைத் தொடக்கூட மாட்டார். சம்படத்தைச் சுற்றி ஓர் ஓலை வாரை வளைத்து, முனையை நகத்தால் கீறி வைத்துக்கொள்வார். அந்தக் கீறல்தான் கணக்கு.

குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை உருவி, வார் வாராகக் கிழித்து, முடையும் முன் நனைத்துக்கொள்கிறார்கள். காய்ந்த ஓலை மடக்கினால் ஒடிந்துவிடும். அடிப்பக்கம் பாய்போல் விரிந்து, பின் மூலையில் வார்கள் மேலே திரும்பிப் பெட்டியாக எழும். அந்த மூலையைத்தான் சோதிக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: இரண்டு அடுக்காக முடைந்தது இறுகி நிற்கும், ஒற்றை ஓலை உள்ளே அமுங்கும். சாயம் தோய்த்ததாக இருந்தால் ஈரக் கைக்குட்டையால் துடைத்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அது அலமாரிக்குத்தான் ஆகும், சமையலறைக்கு ஆகாது. எனக்குச் சாயமில்லாத ஓலைதான் பிடிக்கும். நாளாக ஆக அதுவே தேன் நிறத்துக்கு வந்துவிடும்.

பேரம் பேசாதீர்கள். ஓலை வெட்டியவர் கூலி, காயவைத்த நாள், முடைந்த நேரம் எல்லாம் அதே விலைக்குள் இருக்கிறது.

படி 4: கீழக்கரையும் இராமநாதபுரமும்

கீழக்கரையில் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பாருங்கள், அனுமதி கேட்டுக்கொண்டு. கோயில் மண்டபத் தூண் செதுக்கிய கைவண்ணம் தெரியும். வீடுகளில் பெண்களிடம் எதையாவது விசாரிப்பதென்றால் "லாத்தா" (அக்கா) என்று கூப்பிட்டால் முகம் மலரும். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் தொதல் வாங்காமல் ஊரைத் தாண்டாதீர்கள். அது கைவினையில் சேருமா என்று கேட்டால், அடுப்படியில் நின்று கிண்டியவரைக் கேளுங்கள் என்பேன்.

இராமநாதபுரத்தில் இராமலிங்க விலாசம் அரண்மனை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சுவரோவியங்கள்: இராமாயணம், பாகவதம், தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், சேதுபதியைச் சந்திக்க வந்த ஐரோப்பியர். எல்லோரும் போர்க்காட்சியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் உடுப்பைப் பாருங்கள். சேலைக் கரை, இடைக்கச்சின் கட்டம், புட்டா எல்லாம் நிதானமாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. இதைப் பார்த்துவிட்டு எமனேசுவரம் தறிகளுக்குப் போனால் கேட்க வேண்டிய கேள்வி தானாக வரும்.

படி 5: சங்கு

என்னை நெடுநாள் குழப்பிய படி இது. இராமேசுவரத்தில் எந்தக் கடையில் நின்றாலும் "ஒரிஜினல் வலம்புரி" என்று ஒன்று நீட்டப்படும். உண்மையான வலம்புரி மிக மிக அபூர்வம். கடைக்கு நாலு அடுக்கிவைக்கும் சரக்கில்லை.

முதலில் பிடிக்கும் முறை. ஊதும் முனை, அதாவது சுருள் முனை, கீழே இருக்க வேண்டும். நீண்டு குறுகும் முனை மேலே. வாய் உங்களைப் பார்க்க வேண்டும். வாய் இடப்பக்கம் திறந்தால் இடம்புரி, வலப்பக்கம் திறந்தால் வலம்புரி. தலைகீழாகப் பிடித்துக் காட்டினால் இடம்புரியே வலம்புரியாகிவிடும், கவனம்.

வலப்பக்கம் திறந்தது என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும் ஒரு சங்கினத்துக்குப் பிறவியிலேயே வாய் அந்தப் பக்கம்தான். அங்கே அது சாதாரணம். இங்கே வலம்புரி என்று விற்கப்படுகிறது. பிரித்தறிய ஒரே ஒரு சோதனை போதும். வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவுங்கள். நம் கடல் சங்கில் மூன்று நான்கு வரி மேடுகள் விரலில் இடறும். அந்த அமெரிக்கச் சங்கில் வழவழவென்று இருக்கும். விரல் நுழையாவிட்டால் டார்ச் அடித்துப் பாருங்கள். செல்போன் விளக்கு வேண்டாம், கடைக்காரர் படம் எடுக்கிறீர்கள் என்று நினைப்பார். சிறிய பேனா டார்ச்சே சிறந்தது. காதில் வைத்தால் ஓம் என்று கேட்கும் என்பதெல்லாம் சோதனையே இல்லை. காலி டம்ளரை வைத்தாலும் கேட்கும்.

வலம்புரி ஆசையை விடுங்கள். குழந்தைக்குப் பால் புகட்டும் சிறு சங்கு வாங்குங்கள், அல்லது சங்கை அறுத்துச் செய்த மோதிரம், வளையல். மன்னார் வளைகுடாச் சங்கு காலங்காலமாக வங்காளத்துக்குப் போய் மணமான பெண்களின் வளையலாகியிருக்கிறது. அறுத்த விளிம்பை நகத்தால் வருடிப் பாருங்கள். அரம் போட்டுத் தேய்த்தது சுரசுரப்பின்றி இருக்கும்.

தொடவே கூடாதவை: பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை. சில அரிய சங்கு, சிப்பி வகைகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. தனுஷ்கோடிக் கரையில் கிடந்ததை எடுத்தேன் என்பதும் செல்லாது. பெயர் தெரியாத பெரிய சங்கை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

படி 6: கட்டுவது

பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். பழைய வேட்டி இரண்டு போதும். பூட்டிய காரில் ஈர ஓலை ஒரே பகலில் புழுங்கிவிடும். இரவு தங்கும் இடத்தில் மூடியைத் திறந்து காற்றாட வைத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: சென்னை வாசகி ஒருவர், பெட்டியில் கரும்புள்ளி விழுகிறது என்று எழுதியிருந்தார். பூஞ்சைதான். உலர்ந்த துணியால் துடைத்து இளவெயிலில் காயவையுங்கள். பூச்சிக்கு ஒரு துண்டு வசம்பு உள்ளே கிடக்கட்டும்.

மற்றொரு பின்சேர்க்கை: வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஓலையையும் சங்கையும் இறங்கியதும் அறிவிக்க வேண்டும். நூறாண்டு தாண்டிய பழம்பொருளோ, 75 ஆண்டு தாண்டிய சுவடியோ சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது. சங்கில் வாடை அடிக்கிறது என்றவருக்கு: உள்ளே சதை ஒட்டியிருக்கிறது. இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். ஆசிட் ஊற்றினால் மெருகு போய்ச் சுண்ணாம்பாகிவிடும்.