குளத்து நீரையும் மீனையும் கவனிக்கும் முறை

தாமிரபரணிக் கால்வாய்களால் நிரம்பும் நெல்லைக் குளங்களில் மீனின் நலம் அறிய விரும்புவோர், விடிவதற்குச் சற்று முன்பே கரைக்குச் செல்ல வேண்டும். இரவெல்லாம் பாசியும் செடியும் சுவாசித்துத் தீர்ப்பதால், நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் நேரம் அதுவே. கெண்டைகள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால், தாமதியாமல் புதுநீர் விட வேண்டும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், கார அமில நிலை 6.5 முதல் 8.5 வரையிலும் இருப்பது நல்லது.

முழங்கை வரை கையை அமிழ்த்தும்போது, பச்சை நீரில் உள்ளங்கை மறைந்துபோனால் பாசி மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம். மழைக்குப் பின் வரும் செம்மண் கலங்கல் வேறு.

பிடித்த மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். செக்கச்செவேலென்று இருக்க வேண்டிய செவுள் வெளிறியோ பழுப்பேறியோ இருந்தாலும், மார்கழிக் குளிரில் விராலின் உடலில் செம்புண் தென்பட்டாலும், நாளைக் குறித்துக்கொண்டு மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள்.