டெல்டா ஊரில் கேம் கடை: ஜப்பானிடம் எதை எடுப்பது, எதை விடுவது

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ, காசு போட்டு மிஷினில் ஆடும் கேம் கடை போட நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது மிஷின் விலையைத்தான். அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: மற்ற நாடுகளில் கேம் கடைகள் வரிசையாக மூடிய பிறகும் ஜப்பானில் இன்னும் எப்படி ஓடுகின்றன?

அங்கேயும் குறைந்துதான் போயிருக்கிறது. 1980களின் நடுவில் 26,000க்கும் மேல் இருந்த கடைகள் 2019 வாக்கில் சுமார் 4,000 ஆகிவிட்டன. கேம் மிஷின் செய்யும் சேகா நிறுவனமே 2020 கடைசியில் தன் கடைகளின் பெரும்பங்கைக் கைமாற்றியது. 2022 முதல் அவற்றின் பெயர்ப்பலகையில் வேறு பெயர். ஆனாலும் ரயில் நிலையத்தை ஒட்டி நாலைந்து மாடிக் கட்டடம் முழுக்க விளையாட்டு ஓடுவதை இன்றும் அங்கே பார்க்கலாம். அமெரிக்காவில் 1983இல் வீடியோ கேம் தொழில் சரிந்த பிறகு, டிவியில் மாட்டி ஆடும் வீட்டு கன்சோல்கள் பலமாக ஆக, மால்களில் இருந்த கேம் கடைகள் ஒவ்வொன்றாகப் போயின. நம் பக்கம் கேசட் போட்டு ஆடிய டிவி கேம் கடை, அப்புறம் மணிக்கணக்கு பிளேஸ்டேஷன் கடை, கடைசியில் எல்லாவற்றையும் செல்போன் விழுங்கியது. எல்லா இடத்திலும் காரணம் ஒன்றுதான். கடையில் கிடைப்பது வீட்டிலேயே கிடைத்தால் எதற்குப் படியேற வேண்டும்?

ஜப்பான் கடைகள் வீட்டுக்குள் அடங்காததைக் கொண்டுவந்து வைத்தன. 1985இல் பொம்மை தூக்கும் யூஎஃப்ஓ கேட்சர், 1995இல் ஸ்டிக்கர் போட்டோ எடுக்கும் புரிகுரா, 1998இல் காலால் மிதித்து ஆடும் டான்ஸ் மிஷின், 2001இல் பெரிய மேளத்தை அடிக்கும் தைகோ. ஆகவே முதல் முடிவு: வீட்டில் இருக்கும் கன்சோலை மேசையில் வைத்து வாடகைக்கு விடாதீர்கள். அதை வைத்துத் தொழில் நடத்த பெரும்பாலும் உரிமமும் கிடையாது. மேளம், டான்ஸ் பேட், ஏர் ஹாக்கி, எதிரெதிரே உட்கார்ந்து மோதும் சண்டை கேம், இவற்றில் இரண்டு மூன்றோடு தொடங்கினால் போதும். 400 சதுர அடிக்குள் ஆறு மிஷினுக்கு மேல் அடைத்தால் பின்னால் நின்று வேடிக்கை பார்க்க இடம் இருக்காது. இன்றைக்கு வேடிக்கை பார்க்கிறவன்தான் நாளைக்கு டோக்கன் வாங்குவான்.

இரண்டு மிஷின், முதுகோடு முதுகு

1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை கேம் வந்த பிறகு ஜப்பான் கடைகள் ஒரு மிஷினில் இருவர் தோளிடித்து ஆடுவதை விட்டுவிட்டு, இரண்டு மிஷின்களை முதுகோடு முதுகு சேர்த்து வைத்தன. எதிராளி முகம் தெரியாது. முன்பின் தெரியாதவனோடு மோதக் கூச்சமும் இருக்காது. இதைச் செய்யப் பெரிய செலவில்லை. கேம் அடங்கிய சர்க்யூட் போர்டு ஒன்றே போதும். படத்தை ஸ்பிளிட்டர் போட்டு இரண்டு திரைக்கும் பிரியுங்கள். இரண்டாம் ஆட்டக்காரரின் ஸ்டிக், பட்டன் ஒயர்களை அடுத்த பெட்டிக்கு நீட்டுங்கள். எல்ஈடி டிவி வைத்தால் மெனுவில் படத்தின் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைக் கட்டாயம் ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் பட்டனைத் தட்டிய பிறகுதான் அடி விழும். நன்றாக ஆடுகிறவன் அதை இரண்டே ஆட்டத்தில் கண்டுபிடித்துவிடுவான், அப்புறம் வரமாட்டான்.

வருமானக் கணக்கும் இதில்தான் இருக்கிறது. சண்டை கேமில் தோற்றவர் எழுந்திருப்பார், அடுத்தவர் டோக்கன் போடுவார். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு டோக்கன் விழும். எதிரிகளை அடித்துக்கொண்டே முன்னேறிப் போகும், நம் ஊரில் எல்லோரும் ‘முஸ்தபா’ என்று கூப்பிடும் காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸில் கைதேர்ந்தவர் ஒரே டோக்கனில் முக்கால் மணி நேரம் உட்காருவார். அவரை விரட்டக் கூடாது, கூட்டம் சேர்ப்பதே அவர்தான். ஆனால் அந்த மாதிரி மிஷின் கடைக்கு ஒன்று போதும். மிஷினைச் சோதிக்கவும் அமைப்பை மாற்றவும் உள்ள டெஸ்ட் மெனுவில் கேமின் கஷ்டத்தை ஒரு படி ஏற்றலாம். மூன்று படி ஏற்றினால் புதிதாக வருகிற பையன் ஒரு நிமிடத்தில் செத்து, கசப்போடு போவான்.

1993இல் வந்த அந்த முஸ்தபா போர்டைப் பழையது வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதற்குள் ஒரு லித்தியம் பேட்டரி இருக்கிறது. புரோகிராமைப் படிக்கத் தேவையான ரகசியக் குறியீடு, அதாவது சாவி, அதன் தயவில்தான் நிற்கிறது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழிந்து கேம் கெட்டுவிடும். வாங்கும் முன் ஓடவிட்டுப் பாருங்கள், பேட்டரி எப்போது மாற்றியது என்று கேளுங்கள். ‘60 கேம் ஒரே போர்டில்’ என்று மலிவாக வருபவை திருட்டு நகல்கள்; தொழிலுக்கு அவற்றை நம்பாதீர்கள்.

மின்சாரம்

ஜப்பான் மிஷின் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம்முடையது 230. நேரே செருகினால் பவர் சப்ளை அந்த நொடியே போய்விடும். ஒரு பெட்டிக்கு 500 விஏ ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். கடையில் 110 வோல்ட் கொடுத்தால் வாங்காமல் 100 என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசர். பம்புசெட் ஓடும் லைனில் வோல்டேஜ் எப்படி ஏறி இறங்கும் என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டிக் பதித்திருக்கும் பலகை இரும்பு, எல்லோரும் வியர்வைக் கையோடு தொடுவது. எர்த் இல்லாமல் கடையைத் திறக்கவே கூடாது. மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போட்டுவிடுங்கள். பழைய பிக்சர் டியூப் பெட்டியைத் திறக்க வேண்டி வந்தால் டிவி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கேம் ஓடும்போதே தானாக ரீசெட் ஆகிறதா? போர்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மல்டிமீட்டரை எடுத்து 5 வோல்ட்டை அளங்கள். பவர் சப்ளையில் வைத்து அளந்தால் சரியாகத்தான் காட்டும். போர்டின் விளிம்பில், கனெக்டர் செருகும் இடத்தில் அளங்கள். 5.0 முதல் 5.1 வரை இருக்க வேண்டும். 4.8க்கு இறங்கினால் ரீசெட் ஆகும். வழக்கமான காரணம், போர்டைப் பெட்டியின் ஒயர்களோடு இணைக்கும் ஜம்மா கனெக்டரின் 56 முனைகளில் சில கறுத்துப் போயிருப்பது. பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் பெரும்பாலும் தீரும். அதற்குப் பதில் பவர் சப்ளையின் திருகைத் திருகி வோல்டேஜை ஏற்றினால், கனெக்டர் சுத்தமான அன்றைக்குப் போர்டு கருகும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கடை பூட்டியிருந்தாலும் நாளுக்கு ஒரு மணி நேரம் எல்லா மிஷினையும் ஓடவிடுங்கள். அந்தச் சூட்டில் ஈரம் காயும். பெட்டிகளைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்தி வையுங்கள். ஒயர் நுழையும் ஓட்டைகளில் இரும்பு வலையை அடைத்துவிடுங்கள், எலி கடித்து நின்ற மிஷின்தான் அதிகம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி மாதிரி கடலோரத்தில் உப்புக்காற்றில் கனெக்டர் சீக்கிரம் கறுக்கும். அங்கே மாதம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்.

டோக்கன்

ஜப்பானைப் பார்த்து அப்படியே செய்யக் கூடாத விஷயம் இது. 1978இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்த காலத்திலிருந்தே அங்கே ஓர் ஆட்டத்துக்கு 100 யென் காயின் என்று பழகிவிட்டது. 1989இல் 3 சதவீதமாக வந்த நுகர்வு வரி 2019இல் 10 ஆனது, மின்சாரமும் வாடகையும் ஏறின. ஓட்டையில் போடும் காயின் மட்டும் மாறவில்லை. பல கடைகளை நெரித்தது அதுதான்.

ஆகவே நேரடிக் காயின் வேண்டாம், டோக்கன் வையுங்கள். அதில் விலையை அச்சிடாதீர்கள். இன்றைக்கு 20 ரூபாய் என்றால் அடுத்த வருடம் 25 ஆக்க விலை அட்டையை மாற்றினால் போதும். பத்து ரூபாய்க் காயினை வாங்க மாட்டேன் என்கிற தகராறும் உங்கள் கடைக்குள் வராது. கவுண்டரில் க்யூஆர் ஸ்கேன் பண்ணிப் பணம் போடட்டும், நீங்கள் டோக்கனை எண்ணிக் கொடுங்கள். அளவில் கவனம் வேண்டும். 2019 வரிசைக் காயின்களில் ஒரு ரூபாய் 20 மி.மீ., இரண்டு 23, ஐந்து 25, பத்தும் இருபதும் 27. இந்த அளவுகளில் டோக்கன் அடித்தால் காயினைப் போட்டு ஆடிவிடுவார்கள். 28 அல்லது 29 மி.மீ. பித்தளை டோக்கன் அடித்து, உள்ளே ஒரு டோக்கனை மாதிரியாக வைத்து, போடுவதை அதோடு ஒப்பிடும் வகைக் காயின் பெட்டியை வாங்குங்கள். ஓட்டை அத்தனை அகலம் விடுமா என்று பார்த்து வாங்குவது முக்கியம்.

தினசரி

கடை திறக்கும் முன் ஒவ்வொரு மிஷினிலும் டெஸ்ட் மெனு போட்டு எல்லாப் பட்டனையும் ஒரு தட்டு. ஜப்பான் கடைகளில் ஒரு பட்டன் வேலை செய்யாவிட்டால் ‘பழுது’ அட்டை தொங்கும். நம்மிடம் காசை வாங்கிக்கொண்டு பேசாமல் விட்டுவிடுகிறோம். ஜப்பானின் சன்வா நிறுவனத்து 30 மி.மீ. பட்டன் பத்து, ஸ்டிக் ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். மாற்ற இரண்டே நிமிடம்தான். ஒயர் முனை மட்டும் சன்வாவுக்கு 2.8 மி.மீ., அமெரிக்க வகைப் பட்டனுக்கு 4.8. தெரியாமல் மாற்றி வாங்கினால் லொடலொடவென்று ஆடி ஆட்டத்தின் நடுவில் கழன்று விழும்.

பொம்மை தூக்கும் மிஷின் வைத்தால் பிடியின் பலத்தை ரகசியமாகக் குறைக்காதீர்கள். ஜப்பான் கடைகளின் வருமானத்தில் பாதிக்கு மேல் இந்தப் பரிசு மிஷின்களிலிருந்துதான் வருகிறது. பலமுறை தவறியவர் கூப்பிட்டால் ஊழியர் வந்து பொம்மையை எடுக்கத் தோதாக நகர்த்தி வைப்பது அங்கே வழக்கம். அதைச் செய்யுங்கள். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையைப் பிடிக்குள் போடாதீர்கள், விழுந்தால் உடையும். கவுண்டர் பரிசாக வையுங்கள். பரிசு பொருளாகவே இருக்கட்டும். பணமாகக் கொடுத்தால் அது சூதாட்டக் கேஸ்.

ஜப்பானில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இரவு 10 மணிக்கு மேல் அனுமதி இல்லை, சிறு பிள்ளைகளுக்கு அதற்கும் முன்பே. இங்கே அதைவிட முக்கியம், பள்ளி நேரத்தில் யூனிஃபார்மோடு வருகிறவரை உள்ளே விடாமல் இருப்பது. நகராட்சித் தொழில் உரிமத்தையும் இந்த விதியையும் வாசலிலேயே பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். டியூஷன் முடிந்து டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளையின் அப்பா அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்.