ஆழ்துளைக் கிணற்று நீர் மாதிரி: குழாயடியிலிருந்து ஆய்வகம் வரை

குப்பியில் அடைத்த பிறகும் தண்ணீர் மாறிக்கொண்டேதான் இருக்கும். கரைந்திருந்த இரும்பு காற்றுப்பட்டால் செந்நிறமாகப் படியும், நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் குறைத்துவிடும். எந்தக் குப்பி, எத்தனை மணிக்கு, யார் கையில் இருந்தது என்று தெரியாவிட்டால் ஆய்வக எண்ணை நம்ப முடியாது.

முதலில் கிணற்றுக் குழாயில் தேங்கிய பழைய நீரை வெளியேற்றுங்கள். 6 அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 18 லிட்டர் நிற்கும். 30 மீட்டர் நின்றால் 540 லிட்டர், அதைப்போல் மூன்று மடங்கு போக வேண்டும். தினமும் ஓடும் மோட்டாருக்குப் பத்து நிமிடம் போதும். மின்கடத்துதிறன் மீட்டரில் எண் ஏறி இறங்காமல் நின்றதும் மாதிரி எடுக்கலாம். வெப்பநிலையையும் பிஎச் (அமில-கார) அளவையும் அங்கேயே குறித்துவிடுங்கள், ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் இரண்டும் மாறிவிடும்.

ஒரு கிணற்றுக்கு மூன்று குப்பிகள். ஃபுளோரைடு, குளோரைடு, நைட்ரேட்டுக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் குப்பி: எதுவும் சேர்க்காமல் ஐஸில் வையுங்கள், நைட்ரேட்டை 48 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். உலோகங்களுக்கான குப்பியில் லிட்டருக்கு 1.5 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம். பிஎச் 2-க்குக் கீழே இறங்கியதா என்று ஒரு சொட்டைப் பிஎச் தாளில் விட்டுப் பாருங்கள், தாளைக் குப்பிக்குள் விடக்கூடாது. காரத்தன்மை மிகுந்த நீருக்கு அமிலம் கூடுதலாகத் தேவைப்படும். கரைந்த இரும்பு மட்டும் வேண்டுமானால் 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்த பிறகே அமிலம். முதலில் அமிலம் விட்டால் மண் துகளில் உள்ள இரும்பும் கரைந்து எண்ணை உயர்த்திவிடும். இந்த அமிலம் நைட்ரேட் குப்பியில் விழுந்தால் நைட்ரேட் எகிறும், அதனால் இரண்டுக்கும் வேறு வேறு நிற மூடி போடுங்கள்.

மூன்றாவது, நுண்ணுயிருக்கான கிருமி நீக்கிய குப்பி. இதைக் கழுவக்கூடாது. குளோரின் கலந்த நீர் என்றால் உள்ளே குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே கிருமிகள் செத்து, கெட்ட நீர் நல்ல நீராகத் தெரியும். குலுக்குவதற்கு இரண்டரை செ.மீ. காலியிடம் விடுங்கள். 6 மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது, 24 தாண்டினால் புது மாதிரிதான்.

ஈரக் குப்பியில் மை ஒட்டாது. நிரப்புவதற்கு முன்பே குறியீடு, இடம், தேதி ஆகியவற்றை எழுதி மேலே ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள், நிரப்பும்போது நேரத்தைச் சேருங்கள். மூடியில் மட்டும் எழுதினால் மூடிகள் மாறும்போது கிணறுகளும் மாறிவிடும். ஐஸைப் பாலித்தீன் பையில் கட்டிப் போடுங்கள், உருகிய நீரில் ஊறிய லேபிள் கழன்றுவிடும்.

கைமாற்றுப் படிவத்தில் குப்பிகளின் எண்ணிக்கை, சேர்த்த அமிலம், கொடுத்தவர், வாங்கியவர், நேரம். பெட்டியைப் பஸ்ஸில் தனியாகப் போட்டுவிட்டால் அந்தச் சில மணி நேரத்துக்குக் கையெழுத்திட ஆளில்லை. அப்படி அனுப்பியே ஆக வேண்டுமென்றால் மூடிமேல் கையெழுத்திட்ட சீல் ஒட்டுங்கள். தவறைப் படிக்க முடியாதபடி அடித்துத் திருத்தாதீர்கள், ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இடுங்கள்.

ஆய்வகத்தில் வாங்குபவர் சீல், எண்ணிக்கை, பெட்டியின் வெப்பநிலை, அமிலக் குப்பியின் பிஎச் எல்லாம் பார்த்த பிறகே ஒப்பமிட வேண்டும். உலோகக் குப்பியில் அமிலம் குறைந்திருந்தால் அங்கேயே சேர்த்து, 24 மணி நேரம் வைத்து, குப்பிச் சுவரில் ஒட்டிய உலோகம் கரைந்த பிறகே ஆய்வுக்கு எடுக்கலாம். சேர்த்த நேரத்தையும் படிவத்தில் எழுத வேண்டும்.