கடவுச்சொற்களை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ள: கீபாஸ்எக்ஸ்சியும் சின்க்திங்கும் அமைக்கும் முறை

கடவுச்சொற்களை உலாவியிடம் கொடுத்து வைப்பது வசதிதான். ஆனால் அந்த உலாவிக் கணக்கு ஒருநாள் முடங்கிவிட்டால், மற்ற எல்லாக் கணக்குகளின் சாவியும் அதோடு போய்விடும். கீபாஸ்எக்ஸ்சி என்ற கட்டற்ற மென்பொருள் எல்லாவற்றையும் மறைக்குறியாக்கிய ஒரே கோப்பில் போட்டு, உங்கள் கணினியிலேயே வைக்கிறது. கேடிபிஎக்ஸ் எனப்படும் அந்தக் கோப்பின் வடிவம் வெளிப்படையானது. அதனால் ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், ஐபோனில் கீபாஸியம் என்று வேறு வேறு ஆட்கள் எழுதிய செயலிகளும் அதே கோப்பைத் திறக்கின்றன. ஒரு செயலியின் வளர்ச்சி நின்றாலும் கோப்பு வீணாகாது. மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வசதிகளின் பட்டியலை அப்புறம் பார்க்கலாம்.

முதன்மைக் கடவுச்சொல்

புதிய டேட்டாபேஸ், அதாவது அந்தக் கடவுச்சொல் கோப்பு, தொடங்கும்போது குறியாக்க அமைப்புகளைக் கேட்கும். கேடிபிஎக்ஸ் 4, ஆர்கான்2 என்று இருப்பதை அப்படியே விடுங்கள். ஆர்கான்2 என்பது கடவுச்சொல்லிலிருந்து கோப்பின் சாவியை உருவாக்கும் முறை. அது ஒவ்வொரு முயற்சிக்கும் கணிசமான நினைவகத்தைக் கேட்கும். அதனால்தான் கோப்பைத் திருடியவர் வேகமாக ஊகித்துப் பார்க்க முடியாது. பாதுகாப்பு கூடட்டும் என்று நினைவக அளவை 1 ஜிபிக்கு ஏற்றினால், கணினியில் திறக்கும் கோப்பு கைப்பேசியில் திறக்காமல் போகலாம். 64 எம்பி போதும்.

இந்தக் கோப்பைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை நீங்களே யோசித்து உருவாக்காதீர்கள். மனித மனம் பிறந்த தேதியையும் பிள்ளைகளின் பெயரையும்தான் சுற்றிவரும். கீபாஸ்எக்ஸ்சியிலேயே சொற்றொடர் உருவாக்கும் வசதி இருக்கிறது. அது 7776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் எடுத்துத் தரும். 7776 என்பது பகடையை ஐந்து முறை உருட்டினால் வரக்கூடிய சேர்க்கைகளின் எண்ணிக்கை. ஆறு சொற்கள் எடுத்தால் சுமார் 77 பிட் வலிமை, அதாவது ஊகிப்பவருக்கு 2-இன் 77-ஆம் அடுக்கு அளவு சேர்க்கைகள், கிடைக்கும். பிடிக்காத சொல்லை மாற்றி மாற்றி எடுக்காதீர்கள், அந்த வலிமை குறையும்.

தமிழ் எழுத்திலேயே வைக்கலாமே என்ற ஆசை வரும். வேண்டாம். யூனிகோடில் 'ொ' என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்; மென்பொருளுக்கு வேறு வேறு. கணினியின் விசைப்பலகை ஒரு விதமாகவும் கைப்பேசியுடையது வேறு விதமாகவும் அனுப்பினால், சரியான கடவுச்சொல்லே 'தவறு' என்று வரும். தமிழ்ச் சொற்கள்தான் வேண்டுமென்றால் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத் தர யாரும் இல்லை. ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். கூடுதலாகச் சாவிக் கோப்பு (திறக்கும்போது கடவுச்சொல்லோடு சேர்த்துக் காட்ட வேண்டிய கோப்பு) வைக்க விரும்பினால் மென்பொருள் உருவாக்கித் தருவதையே பயன்படுத்துங்கள். ஒரு புகைப்படத்தைச் சாவியாக வைத்தால், அரட்டைச் செயலி வழியாக ஒருமுறை அனுப்பும்போதே அது சுருக்கப்பட்டு மாறிவிடும். ஒரு பைட் மாறினாலும் பூட்டு திறக்காது.

பழையதை உள்ளே கொண்டுவருதல்

உலாவியின் கடவுச்சொல் பக்கத்தில் சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்து, கீபாஸ்எக்ஸ்சியின் இம்போர்ட் வழியாக உள்ளே எடுங்கள். சிஎஸ்வி வெறும் உரைக் கோப்பு, யார் திறந்தாலும் படிக்கலாம். ஒத்திசையும் கோப்புறை எதிலும் அதைச் சேமிக்காதீர்கள். வேலை முடிந்ததும் குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்குங்கள். பிறகு உலாவியில் சேமித்தவற்றை அழித்து, சேமிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

உலாவியில் தானாக நிரப்ப, கீபாஸ்எக்ஸ்சி அமைப்புகளில் உலாவி இணைப்பை இயக்கி, கீபாஸ்எக்ஸ்சி-பிரவுசர் நீட்சியை நிறுவுங்கள். இணையவில்லை என்றால், லினக்ஸில் பெரும்பாலும் உலாவி ஸ்னாப் அல்லது பிளாட்பேக் வடிவில் (செயலியை மற்றவற்றிலிருந்து பிரித்து அடைத்து வைக்கும் பொதிகள்) இருப்பதுதான் காரணம். அந்த அடைப்பு, வெளியே இருக்கும் நிரலோடு நீட்சியைப் பேச விடாது. டெப் போன்ற வழக்கமான பொதியாக உலாவியை நிறுவினால் பெரும்பாலும் சரியாகும். நகலெடுத்து ஒட்டுவதைவிட நீட்சி நல்லது: போலித் தளத்தின் முகவரி பொருந்தாதபோது அது நிரப்ப மறுக்கும்.

கைப்பேசிக்கும் கொண்டுபோக

சின்க்திங் இரண்டு சாதனங்களுக்கிடையே நேரடியாகக் கோப்புறையை ஒத்திசைக்கும். நடுவில் எந்த நிறுவனமும் நகல் வைத்துக்கொள்வதில்லை. ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. ஆனால் மூலநிரல் திறந்தே இருந்ததால் சின்க்திங்-போர்க் என்ற கிளை தொடர்கிறது, அதையே நிறுவுங்கள்.

கணினியிலும் சின்க்திங்கை நிறுவி, உலாவியில் 127.0.0.1:8384 என்ற முகவரியைத் திறந்தால் அதன் பக்கம் வரும். அதில் ஆக்‌ஷன்ஸ் பட்டியலில் ஷோ ஐடி கொடுத்தால் தெரியும் கியூஆர் குறியைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து, இரண்டு பக்கமும் ஒப்புதல் கொடுங்கள். கடவுச்சொல் கோப்புக்கென்று தனிக் கோப்புறை ஒன்றைப் பகிருங்கள். கைப்பேசியில் அது டாக்குமென்ட்ஸ் போன்ற பொது இடத்தில் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு/டேட்டாவுக்குள் வைத்தால் ஆண்ட்ராய்டு 11 முதல் மற்றச் செயலிகளால் எட்ட முடியாது. பேட்டரி சிக்கனப் பட்டியலிலிருந்து சின்க்திங்கை விலக்குங்கள், இல்லாவிட்டால் பின்னணியில் உறங்கிவிடும். இரண்டு சாதனங்களும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருந்தால்தான் மாற்றம் போய்ச் சேரும்.

இணைப்பில்லாத நேரத்தில் இரண்டு பக்கமும் திருத்தியிருந்தால், பெயரில் 'சின்க்-கான்ஃப்ளிக்ட்' என்று வரும் இரண்டாவது கோப்பு முளைக்கும். பயந்து அதை அழித்துவிடாதீர்கள், ஒரு பக்கத் திருத்தம் அதில்தான் இருக்கிறது. மூலக் கோப்பைக் கீபாஸ்எக்ஸ்சியில் திறந்து, டேட்டாபேஸ் பட்டியலில் மெர்ஜ் கொடுத்து இந்தக் கோப்பைக் காட்டுங்கள். ஒவ்வொரு பதிவிலும் புதியது மேலே நிற்கும், பழையது அதன் வரலாற்றில் சேரும். சரிபார்த்த பிறகே இரண்டாவது கோப்பை நீக்குங்கள்.

ஒத்திசைவைக் காப்பு நகல் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். சின்க்திங்கில் ஃபைல் வெர்ஷனிங்கை இயக்கினால் பழைய பதிப்புகள் தங்கும். ஆனால் மற்றச் சாதனத்திலிருந்து வரும் மாற்றங்களுக்கு மட்டுமே அது வேலை செய்யும். ஆகவே கணினி, கைப்பேசி இரண்டிலும் இயக்க வேண்டும். இதற்கு மேல், மாதம் ஒருமுறை கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். போட்ட கையோடு அந்த நகலையே திறந்து, தாளில் எழுதியிருப்பதைப் பார்த்துத் தட்டிப் பாருங்கள். தாளில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.