கொழும்பில் சிறு தொழில் தொடங்குகிறவர்களுக்கு: பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்

கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி வெள்ளவத்தைக்கு வந்த மூன்றாவது வருடம் இட்லி, தோசை மா வியாபாரம் தொடங்கினேன். இங்கே மாவு என்று யாரும் சொல்வதில்லை, மா தான். தொழில் நல்லபடியாகவே போகிறது. ஆனால் முதல் வருட வருமான வரியில் நான் செய்த ஒரு தவறு இன்றுவரை வயிற்றெரிச்சல். போன மாதம் திருச்சியிலிருந்து வந்த ஒரு தங்கை, தையல் மெஷின்கள் வாங்கிய பில்களை என்னிடம் காட்டினாள். நான் செய்த அதே தவறு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அலுவலக வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அவை நினைத்த அளவு கஷ்டம் இல்லை. வீட்டுக்காரர் இந்த நாட்டுக் குடிமகன் என்பதால் வியாபாரப் பதிவை அவர் பெயரில் எடுத்தோம். பிஆர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கிராம சேவகரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். வெள்ளவத்தை என்றால் திம்பிரிகஸ்யாய. படிவத்தைத் தமிழில் கேளுங்கள், கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். சாப்பாட்டுச் சாமான் என்றால் மாநகர சபை உரிமமும் வேண்டும், பிஎச்ஐ என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து இடத்தைப் பார்ப்பார். டின் நம்பர், அதாவது வரி செலுத்துபவரின் அடையாள எண், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே எடுக்கலாம். 18 வயது தாண்டிய எல்லோரும் அதை எடுக்க வேண்டும் என்று 2024-இல் கொண்டுவந்துவிட்டார்கள். கணக்கு வருடம் நம் ஊர் மாதிரியே ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ரிட்டர்ன் போடக் கடைசி நாள் மட்டும் நவம்பர் 30. அதற்காக நவம்பர்வரை சும்மா இருந்துவிடாதீர்கள். வரியை ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி, மே மாதங்களின் 15-ஆம் தேதிக்குள் தவணையாகக் கட்டி, மிச்சத்தைச் செப்டம்பர் 30-க்குள் முடிக்க வேண்டும்.

இனி நான் மாட்டிக்கொண்ட கதை.

அப்பா ஊரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். பல வருடம் இந்திய வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவில்தான் வரி கட்டினார். மொத்த விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம், இதுதான் லாபம் என்று காட்டினால் போதும். எந்தச் செலவுக்கு எந்தப் பில் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் அந்த வீட்டில் வளர்ந்தவள். வரிக் கணக்கு என்றால் விற்பனை நோட்டுதான் என்று மனதில் பதிந்துபோயிருந்தது. இங்கே அந்த வசதி கிடையாது. வருமானம் ஈட்டுவதற்காகச் செலவு செய்தேன் என்று நீங்கள்தான் ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். காட்டினால் கழிக்கலாம், காட்ட முடியாவிட்டால் அதற்கும் சேர்த்து வரி.

2023 ஜூனில் கடை திறந்தோம். அதற்கு முன்பே கோயம்புத்தூரில் இரண்டு பெரிய டில்டிங் கிரைண்டர்கள் வாங்கியாகிவிட்டது. எங்கள் ஊர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தக் கல்லில் அரைத்த உளுந்து பொங்கி வருகிற மாதிரி வேறெதிலும் வராது, இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பில் போடும்போது கடைக்காரர் ஜிஎஸ்டி நம்பர் கேட்டார். அப்பா பழக்கதோஷத்தில் தன் கடை நம்பரைச் சொல்லிவிட்டார். பில் அப்பா கடையின் பெயரில் வந்தது. கிரைண்டர்கள் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் வந்தன, கஸ்டம்ஸ் பத்திரம் என் பெயரில். மா வைக்கிற கூலிங் கபேர்டை இங்கே காலி வீதியில் (Galle Road) வாங்கினேன். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். அதில் இருந்தது கல்யாணத்துக்கு முந்தைய பெயர், பில்லிலும் அதையே எழுதினார்கள். மூன்றும் சேர்த்து இலங்கைக் காசில் 6.5 லட்சம்.

அடுத்த வருடம் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பில்களோடு கணக்காளரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், மிகவும் நிதானம். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் இரண்டு குவியலாகப் போட்டார்.

"பிள்ளை, இது ஆற்ற பேர்?"

"எங்க அப்பாவோட கடை, ஐயா."

"இது?"

"நான்தான். பழைய பேர்."

"பிஆர் ஆற்ற பேரில?"

"அவர் பேர்ல."

சின்னக் குவியலை ஃபைலில் வைத்துக்கொண்டு பெரிய குவியலை என் பக்கம் தள்ளினார். "சாமானும் உங்கட, காசும் உங்கட, அது எனக்கு விளங்குது. நாளைக்கு இறைவரியில கேட்டா நான் எதைக் காட்டுறது?"

கிரைண்டர் மாதிரி இயந்திரத்தை வாங்கிய வருடமே முழுச் செலவாகக் கழிக்க முடியாது. வருடத்துக்கு ஐந்தில் ஒரு பங்காக ஐந்து வருடம் கழிக்க வேண்டும். எங்கள் 6.5 லட்சத்துக்கு அது வருடம் 1,30,000 ரூபாய். என் வீட்டுக்காரருக்கு வேலையும் உண்டு, அப்போது மாதச் சம்பளம் 2,30,000. 2023/24-இல் வரியில்லாத வரம்பு 12 லட்சம், அது சம்பளத்திலேயே தீர்ந்துபோனது. அதனால் மா விற்ற லாபம் முழுவதும் அவருடைய வரி விகிதத்தின் மேல் படியில், 24 சதவீதத்தில் போய் உட்கார்ந்தது. 1,30,000-க்கு 24 சதவீதம் 31,200 ரூபாய். முதல் வருடத்தில் மட்டும் அவ்வளவு அதிகமாகக் கட்டினோம். ராத்திரி பதினொரு மணிக்கு உளுந்து ஊறவைத்து விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அரைத்த காசு அது.

2025 ஏப்ரலிலிருந்து வரம்பு 18 லட்சம், படிகளும் மாறிவிட்டன. ஆனால் கணவரின் சம்பளமும் உங்கள் வியாபாரமும் ஒரே பெயரில் இருந்தால் வரம்பும் ஒன்றுதான். கடை சின்னது, வரி வராது என்று நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

ஒரு தெரிந்தவர், புறக்கோட்டையில் வெற்றுப் பில் புத்தகம் கிடைக்கும், வேண்டியதை எழுதிக்கொள்ளலாம் என்று வழி சொன்னார். கணக்காளர் ஐயா அதைக் கேட்டதும், அப்படியென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றார். அவர் சொன்னதுதான் சரி. விட்ட காசு போகட்டும், பொய்ப் பில்லில் கை வைக்காதீர்கள்.

ஆகவே வரிசை இதுதான். முதலில் பிஆர், அப்புறம் அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு, அதற்கப்புறம்தான் சாமான். ஊரிலிருந்து ஏதாவது கொண்டுவந்தால் அங்கே போடும் பில்லிலும் கஸ்டம்ஸ் பத்திரத்திலும் பிஆரில் உள்ள அதே பெயர், அதே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும். பணத்தை அந்த வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்புங்கள். அப்பா அன்பாக வாங்கித் தருகிறேன் என்பார். என் அப்பாவும் அப்படித்தான் ஆசையாகச் செய்தார், அவர் மனம் நோகக் கூடாது என்று இந்த 31,200 கதையை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. காசாகத் தரட்டும், பில் கடையின் பெயரில் வரட்டும்.

கடை வாடகை அட்வான்ஸ் விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். திரும்பி வருகிற அட்வான்ஸ் செலவே அல்ல, அதைக் கழிக்க முடியாது. மாதாமாதம் வாடகையில் கழிந்துபோகிற அட்வான்ஸ் என்றால் அது வாடகை, செலவுதான். இரண்டில் எது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி வாங்குங்கள், எங்களுடையதில் அட்வான்ஸ் என்ற ஒரே வார்த்தைதான் இருந்தது. வீட்டுச் சமையலறையிலேயே தொழில் செய்கிறவர்கள் மின்சாரக் கட்டணம் முழுவதையும் எழுத முடியாது, வீட்டுச் செலவு கழிவுக்கு வராது. தனி மீட்டர் போட முடிந்தால் போடுங்கள்.

அப்புறம் பாஸ்மார். இங்கே மேசன், தச்சர், வயரிங் செய்பவர் எல்லோரும் பாஸ்தான். எங்களுக்கு டைல்ஸ் பதித்த பாஸ் அருமையான வேலைக்காரர், தண்ணீர் ஒரு சொட்டு நிற்காமல் வாட்டம் பார்த்துப் பதித்தார். கூலி முழுக்கக் கையில் கொடுத்தோம், ஒரு துண்டுகூட வாங்கவில்லை. கட்டட வேலை இயந்திரம் மாதிரி ஐந்து வருடத்தில் கழியாது, 20 வருடம் ஆகும். அதற்காக விடாதீர்கள். பெயர், அடையாள அட்டை நம்பர், என்ன வேலை, எவ்வளவு காசு, தேதி, கையெழுத்து, இவ்வளவும் ஒரு தாளில் வாங்கினால் போதும். கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. நான்தான் கேட்கக் கூச்சப்பட்டேன்.

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் உளுந்தும் அரிசியும் வாங்கும்போது கடைப் பெயர்கூட இல்லாத துண்டில் தொகையை மட்டும் எழுதித் தருவார்கள். "சிட்டை போட்டுத் தாங்கோ" என்று கேளுங்கள், போட்டுத் தருவார்கள். சிட்டை என்றால் பில். நம் ஊர் ஜிஎஸ்டி மாதிரி இங்கே 18 சதவீத வாட் (VAT) வரியைத் திருப்பி எடுக்கலாம் என்று எண்ண வேண்டாம். வாட் பதிவு இல்லாத சின்ன வியாபாரிக்கு அதுவும் சாமான் விலையோடு சேர்ந்ததுதான்.

முதல் வருடம் நட்டம் வந்தாலும் ரிட்டர்ன் போடுங்கள். வியாபார நட்டத்தை அடுத்த ஆறு வருட லாபத்தில் கழிக்கலாம். நம் ஊரில் எட்டு வருடம்.

பிஸ்கட் டின்னை நான் இப்போது பயன்படுத்துவதில்லை. கடைகளில் மெஷினில் வரும் வழுவழுப்பான பில் சில மாதங்களில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. கணக்காளர் எடுத்த பெரிய குவியலில் பாதி அப்படி அழிந்துபோனவைதான். வாங்கிய அன்றே ஃபோட்டோகாப்பி எடுத்து இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து, மாதத்துக்கு ஒரு உறையில் போட்டு வைக்கிறேன். ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும்.

இந்த வருடம் மூன்றாவது கிரைண்டர் வாங்கினோம், அதே கோயம்புத்தூர்க் கடையில். பிஆர் நகலை வாட்ஸப்பில் அனுப்பி, இதில் உள்ளபடி ஒரு எழுத்து மாறாமல் பில் போடுங்கள் அண்ணா என்று மூன்று தடவை சொன்னேன். பில் வந்ததும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் அனுப்பினேன்.