பழைய லேப்டாப்பில் ஆட்டோகேட் ஓட வைத்த கதை

ரங்கூனில் வரைகலை படிக்கும் என் தங்கை மகனுக்குப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் ஒரு கோடு இழுத்தால் கர்சருக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வந்தது, பிள்ளை முகமே வாடிப்போனது. புதிது வாங்கக் காசில்லை. அடிமூடியைக் கழற்றினால் ஒரு ரேம் ஸ்லாட் காலி! அதில் 8 ஜிபி போட்டு, டிஸ்க்கை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்) மாட்டினேன், இப்போது கோடு கையோடு வருகிறது.

நீங்களும் இப்படிப் பழைய லேப்டாப் வாங்குவதென்றால், 2டி (தட்டையான) வரைபடத்துக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயமில்லை. பிராசசரில் கணக்குப் போடும் பகுதிகளான கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம்தான் முக்கியம். ரேம் போர்டோடு பற்றவைத்தது என்றால் அந்த லேப்டாப்பை வாங்காமல் விட்டுவிடுங்கள். அப்புறம், இங்கே கரண்ட் அடிக்கடி போகும், அதனால் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கி பேட்டரியை ஓட்டிப் பாருங்கள். வரைந்ததைத் தானே சேமிக்கும் ஆட்டோசேவ் 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று இருந்தது, 3 ஆக்கிவிட்டோம்.